அரைப் பங்கு

இன்று காலை, கிடாய் வளர்க்கும் செல்லமக்கா எங்கள் வேலிப் படலையில் நின்று கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஞாயிறு கிடாய் வெட்டுறம். ஒரு பங்குதான் மிச்சம். உங்களுக்குத்தானே?"

எங்கள் பக்கத்தில் பங்கு எல்லாவற்றுக்கும் ஆள் சேர்ந்த பிறகுதான் ஆட்டை வெட்டுவார்கள். கடை இறைச்சியைவிட விலை கூட. ஆனால் அந்தக் கிடாய் வேலியோரம் குழை தின்று திரிந்ததை நான் கண்டிருக்கிறேன். ஒரு துண்டும் வீணாகாது. நமக்காக ஓர் உயிர் போகிறதென்றால் அந்த அளவு மரியாதையாவது வேண்டும்.

ஒரு பங்கு என்பது ஒரு குடும்பத்துக்கு. சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகும் வெளிநாடு போன பிள்ளைகள் வரவில்லை; வீட்டில் நான் மட்டும்தான். மிஞ்சுவதைக் கொட்டிவிட்டு முருகனுக்கு என்ன கணக்குச் சொல்வேன்?

"அரைப் பங்கு தருவியளோ அக்கா?"

"அரைப் பங்கெண்டு ஆராவது கேட்டவையோ? ஈரலை நூல் பிடிச்சே வெட்டுறது?" என்று சிரித்தவர், என் பின்னால் யாரும் உட்காராமல் கிடந்த கதிரைகளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"சரி, முழுப் பங்கையும் எடுத்துச் சமையுங்கோ. அரைவாசிக்கு நான் காசு தாறன். மத்தியானம் சாப்பிட வாறன்."

"நீங்கள் வளர்த்த ஆட்டை நீங்கள் தின்னுறேல்லையே?"

"ஓம். ஆனா நீங்கள் சமைச்சா எந்த ஆடெண்டு எனக்கே தெரியாது."

என் கறி அவ்வளவு மோசமா? பிள்ளைகளே, சாப்பிட்ட நீங்கள் எல்லோரும் இப்போது கனடாவிலும் லண்டனிலும்தானே இருக்கிறீர்கள். இனி அகப்பைக்குப் பயமில்லை, உண்மையைச் சொல்லுங்கோ.