நாற்பத்தெட்டு மீட்டர்க் கோடு

பார்ட்லி ஹெனெகன் கெட்ட மனிதர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கேட்கிறவர்கள் பாதியில் வேறு மாதிரி நினைக்கத் தொடங்குவார்கள். நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். அவர் கெட்டவர் இல்லை, அவ்வளவுதான்.

அயர்லாந்தின் மேற்கே, சதுப்பு நிலத்தை ஒட்டிக் கிடக்கும் டிரம்காரா என்ற ஊரில் காலையில் அவர் தபால்காரர். மதியத்துக்கு மேல் ஊர்க் கால்பந்து மைதானமே அவர் பொறுப்பு. பந்தைக் கையாலும் பிடித்து, பக்கத்துக்குப் பதினைந்து பேர் ஆடும் அயர்லாந்துக் கால்பந்து அது. புல் வெட்டுவதும், ஆடுகள் புகுந்து மிதித்த மூலையைச் சீர்செய்வதும், கயிறு கட்டி வெள்ளைக் கோடு போடுவதும் முப்பது வருடமாக அவர் கைவேலைதான். அவர் போட்ட கோட்டில் ஒரு கோணல் இருந்தது என்று யாரும் சொன்னதில்லை.

அந்த மாவட்டத்தில் ஊருக்கு ஊர் மைதானம் உண்டு, மைதானத்துக்கு மைதானம் தந்திரமும் உண்டு. வருகிற அணி வேகமாக ஓடுகிற அணி என்றால் இரண்டு வாரம் புல்லை வெட்டாமல் விட்டுவிடுவார்கள். பக்கக் கோடுகளை உள்ளே இழுத்து மைதானத்தை ஒடுக்குவார்கள். அகலம் எண்பது மீட்டருக்கும் தொண்ணூறு மீட்டருக்கும் இடையில் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று விதியே சொல்கிறது. ஏரிக்கரையிலிருக்கும் கில்நமோய்க்காரர்கள் இதற்கு நேர்மாறு. அவர்களிடம் ஓடுகிற பையன்கள் அதிகம், அதனால் தொண்ணூறு மீட்டருக்கு விரித்துப் புல்லைக் கம்பளம்போல வெட்டிவைப்பார்கள். இதையெல்லாம் யாரும் குற்றமாக எண்ணியதில்லை. பார்ட்லியும் எண்ணியதில்லை.

அந்த ஆகஸ்டில் காலிறுதிக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். பழைய பிஸ்கட் டப்பாவிலிருந்து முதலில் வெளியே வரும் ஊருக்குத்தான் சொந்த மைதானம். டிரம்காரா முதலில் வந்தது, அடுத்து கில்நமோய். சமநிலையில் முடிந்தால் மறுஆட்டம் கில்நமோயில். டிரம்காரா காலிறுதியைத் தாண்டிப் பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. அடுத்த வசந்தத்தில் நான்கு பையன்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்புகிறார்கள். அதற்குப் பிறகு பதினைந்து பேரைச் சேர்ப்பதே பெரும்பாடாகிவிடும். அது எல்லோருக்கும் தெரியும்.

கில்நமோயில் ஃபெர்கல் டெவேனி என்று ஒருவன் இருந்தான். பால் லாரி ஓட்டுகிறவன், இருபத்தாறு வயது. தற்காத்து ஆடுகிறவன் மேல் கடைசியாகப் பட்டுப் பந்து பின்கோட்டைத் தாண்டினால், எதிரணிக்குக் கோலிலிருந்து நாற்பத்தைந்து மீட்டர் தள்ளியிருக்கும் கோட்டிலிருந்து ஒரு உதை கிடைக்கும்; அதற்குப் பெயரே 'நாற்பத்தைந்து'. குறுக்குக் கம்பத்துக்கு மேலே பறந்தால் ஒரு புள்ளி. அந்த உதையில் ஃபெர்கலை மிஞ்ச மாவட்டத்தில் ஆள் கிடையாது. டிரம்காராவிலோ அவ்வளவு தூரம் உதைக்கிறவன் ஒருவன்கூட இல்லை. அந்தக் கோடு எங்கே இருந்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் பார்ட்லி தனியாகக் கோடு போட்டார். மழையில் பழைய கோடுகள் கரைந்துபோயிருந்தன. நாடாவை இழுத்து நாற்பத்தைந்தில் ஆணி அடித்தார். அடித்ததைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஆணியைப் பிடுங்கி நாற்பத்தெட்டில் அடித்தார். மறுபக்கமும் அப்படியே. இடைவெளி கண்ணில் படக் கூடாது என்று அறுபத்தைந்து மீட்டர் கோட்டையும் தள்ளிப் போட்டார். ஓரத்துச் சின்னக் கொடிகளையும் பிடுங்கிப் புதுக் கோட்டுக்கு நேராக நட்டார். இத்தனையும் செய்தவர் அறியாமல் செய்தேன் என்று எப்படிச் சொல்வார்? அவரும் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

ஆட்டத்தின் கடைசி நிமிடம். டிரம்காரா ஒரு புள்ளி முன்னால். கில்நமோய்க்கு ஒரு நாற்பத்தைந்து. ஃபெர்கல் பந்தை வைத்தான், பின்னால் நடந்தான், ஓடிவந்து உதைத்தான். பந்து நேராக, துளி விலகாமல் வந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பி விழுந்தது. நடுவர் ஊதினார். ஊரே மைதானத்துக்குள் ஓடியது. பார்ட்லி மட்டும் நின்ற இடத்தில் நின்றார்.

வந்த அணிக்கு டீயும் சாப்பாடும் போடாமல் அனுப்புகிற வழக்கம் அங்கே இல்லை. ஊர்க்கூடத்தில் பார்ட்லியின் மனைவி அட்ராக்டா ஹாம் சாண்ட்விச் தட்டோடு வந்தார்.

"சாப்பிடு தம்பி. தோத்தவனுக்குத்தான் பசி அதிகம்."

"இறங்க மாட்டேங்குதுங்க," என்றான் ஃபெர்கல்.

"இறங்கும். இன்னொண்ணு எடுத்துக்கோ. நான் வெண்ணெய் நிறைய தடவியிருக்கேன்."

பார்ட்லிதான் அவனுக்கு டீ ஊற்ற வேண்டியிருந்தது. ஃபெர்கல் நிமிர்ந்து பார்த்தான்.

"உங்க மேல கோபமெல்லாம் இல்ல, பார்ட்லி. புல்லைக் காடா வளத்துட்டீங்க, சரி, நாங்களா இருந்தா வேற ஒண்ணு பண்ணியிருப்போம். கோடு மட்டும் எப்பவும்போல அழகா இருந்துச்சு."

டீ தட்டில் சிந்தியது.

டிரம்காரா அரையிறுதியில் பதினொரு புள்ளி வித்தியாசத்தில் அடிவாங்கியது. அதை விடுங்கள். பார்ட்லி அடுத்த சனிக்கிழமையே கோயிலில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். ஊர்ப் பாதிரியார் ஃபாதர் மல்டெரிக், இளமையில் டிரம்காராவின் கோல்காப்பாளராக இருந்தவர். பார்ட்லி சொல்லி முடித்ததும் பாதிரியார் திரையருகே குனிந்தார்.

"மூணு மீட்டரா?"

"மூணு, ஃபாதர்."

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்."

"அப்போ நியாயமாத்தானே இருக்கு!" என்றார் பாதிரியார். சிரிப்பை இருமலாக்கி, மூன்று ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார்.

பார்ட்லி மூன்றையும் சொன்னார், இன்னும் மூன்று சேர்த்தும் சொன்னார். நெஞ்சில் கனம் அப்படியே இருந்தது. ஏன் என்று வெகுநாள் யோசித்தார். பாவமன்னிப்பைக்கூடச் சொந்த மைதானத்தில்தானே கேட்டோம், நடுவரும் நம் ஊர்க்காரர்தானே என்று அவருக்குப் பட்டது. தெரிந்தும் கில்நமோய்க்குப் போகவில்லை. கால் வரவில்லை.

பன்னிரண்டு வருடம் போயிற்று. ஃபெர்கல் அதற்குப் பிறகு ஒரு நாற்பத்தைந்தும் உதைக்கவில்லை. அணித்தலைவன் கேட்டால் பந்தை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவான். ஊர் ஊராக அவனுக்குக் 'கம்பம்' என்று பெயராகிவிட்டது. பால் எடுக்க வரும்போது பண்ணைக்காரர்கள், "என்ன கம்பம், இன்னைக்கு வண்டி வாசல்ல இடிக்காம வந்துட்டியா?" என்று கேட்பார்கள். அவனும் சிரிப்பான். தபால் கொடுக்கப் போன இடத்தில் ஒருமுறை பார்ட்லி அதைக் காதால் கேட்டார். அந்தப் பண்ணைக்காரரின் கடிதத்தை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்.

இந்த ஜூனில் மாவட்டக் கூட்டம். காலிறுதியிலிருந்து எல்லா ஆட்டமும் பொது மைதானத்தில்தான் நடக்க வேண்டும், பிஸ்கட் டப்பா ஒரு ஊருக்கு அதிர்ஷ்டம் கொடுப்பது அநியாயம் என்று ஒரு கிளப் தீர்மானம் கொண்டுவந்தது. டிரம்காரா சார்பில் பார்ட்லி உட்கார்ந்திருந்தார். கில்நமோய் சார்பில் எழுந்தது ஃபெர்கல். முன்தலை வழுக்கையாகி, முழங்காலில் பட்டை கட்டியிருந்தான்.

"சொந்த மைதானம் அநியாயம்னு சொல்றீங்க. நான் டிரம்காராவுல தோத்தவன். என் பேரு என்னன்னு உங்க எல்லாருக்கும் தெரியும்."

கூட்டம் சிரித்தது.

"புல்லு முழங்கால் வரைக்கும் இருந்துச்சு. நாலு பேர் கைகோத்து நின்னா மைதானம் அடைச்சுடும். காத்துகூட அவங்க ஊர்க் காத்து. சரி, அடுத்த தடவை அவங்க நம்ம ஊருக்கு வந்து ஓடி மூச்சு வாங்கட்டும். இதுல என்ன தப்பு? ஆனா கோடு கோடுதான். எந்த ஊருக்குப் போனாலும் நாற்பத்தஞ்சு நாற்பத்தஞ்சுதான். என் காலு பத்தல. அதுக்கு மைதானத்து மேல பழி போடலாமா? அதோ, பார்ட்லி உக்காந்திருக்காரு. அவரு மாதிரி ஆளுங்க இருக்கிற வரைக்கும் சொந்த மைதானத்தை நான் நம்புவேன்."

கை தட்டினார்கள். தீர்மானம் தோற்றது. பார்ட்லியின் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். அவர் அங்கேயே எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தவர் சமையலறையில் தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அட்ராக்டாவிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அட்ராக்டா கேட்டுக்கொண்டே ரொட்டி அறுத்தவர், கத்தியைக் கீழே வைத்தார்.

"பாவி மனுஷா! அந்தப் பிள்ளைக்கு நான் ரெண்டாவது சாண்ட்விச் கொடுத்துத் தேத்தினேன். நீ பக்கத்துல நின்னு டீ ஊத்தின!"

"ஆமா."

"பன்னண்டு வருஷம் என் பக்கத்துல படுத்துக்கிட்டு!"

"ஃபாதர்கிட்ட சொன்னேன்."

"ஃபாதர் உதைச்சாரா நாற்பத்தஞ்சு? ஞாயித்துக்கிழமை கில்நமோய்க்குப் போ. அவங்க மைதானத்துல நின்னு சொல்லு. சொல்லாம திரும்பி வந்தா இந்த வீட்டுல உனக்கு டீ கிடையாது."

ஞாயிறு பூசை முடிந்ததும் பார்ட்லி போனார். ஃபெர்கல் கோல்வலையில் ஓட்டை தைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன பார்ட்லி, உளவு பாக்க வந்தீங்களா? எங்க புல்லைத் தொடாதீங்க, உங்க கை பட்டா வளந்துடும்."

பார்ட்லி சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அன்னைக்கு அது நாற்பத்தஞ்சு இல்ல, ஃபெர்கல். நாற்பத்தெட்டு. நான்தான் தள்ளிப் போட்டேன். உனக்காகவே தள்ளினேன்," என்றார்.

ஃபெர்கல் ஊசியை வலையிலேயே விட்டுவிட்டு வந்தான். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"நாடா இருக்கா?"

மேலங்கிப் பைக்குள் இருந்தது. பார்ட்லி ஒரு முனையைப் பிடிக்க, ஃபெர்கல் நடந்து போய்க் கில்நமோயின் கோட்டை அளந்தான். சரியாக நாற்பத்தைந்து. கொட்டகைக்குப் போய் ஒரு பந்தை எடுத்துவந்து வைத்தான். பின்னால் நடந்து, ஓடிவந்து உதைத்தான். பந்து கோலுக்கு எட்டடி முன்னால் விழுந்தது. இன்னொரு தடவை உதைத்தான். அதுவும் விழுந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான்.

"அன்னைக்குப் போயிருக்கும்," என்றார் பார்ட்லி. "மூணு மீட்டர் கிட்டன்னா கண்டிப்பா மேல போயிருக்கும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாது. இனிமே யாருக்கும் தெரியாது. அதைத்தான் நீங்க எடுத்துக்கிட்டீங்க."

ஃபெர்கல் மெதுவாக நிமிர்ந்தான்.

"எங்கப்பா அன்னைக்குக் கார்ல வீடு வர்ற வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. சாகுற வரைக்கும் அந்த ஆட்டத்தைப் பத்தி அவரு வாயைத் திறக்கல. அவர்கிட்ட யாரு போய்ச் சொல்றது?"

ஏரிப்பக்கமிருந்து காற்று வந்து நாடாவை முறுக்கியது. பார்ட்லி அதைச் சுருட்டத் தொடங்கினார். மன்னித்துவிடு என்று கேட்கத்தான் வந்திருந்தார். கேட்க வாய் வரவில்லை. கேட்டால் இன்னொன்றையும் அவனிடமிருந்து வாங்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது.

"அடுத்த மாசம் எங்களுக்கு உங்க ஊர்லதான் ஆட்டம்," என்றான் ஃபெர்கல், திரும்பிப் பார்க்காமல். "கோடு போடுற நாளு சொல்லி அனுப்புங்க. மறுமுனையை நான் பிடிக்கிறேன்."

சொல்லி அனுப்பினார். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பால் லாரி டிரம்காரா மைதான வாசலில் வந்து நின்றது. ஊரில் ஒரு வண்டி நின்றால் யாருடையது என்று பார்க்க ஏழெட்டுப் பேர் கூடாமல் இருப்பார்களா? நாயோடு ஃபாதர் மல்டெரிக்கும் வந்து மதில்மேல் கை வைத்து நின்றார்.

"என்ன பார்ட்லி, கில்நமோய்க்காரன் நம்ம புல்லுல என்ன பண்றான்? உன் கணக்குல நம்பிக்கை இல்லையாமா?"

மதிலில் சிரிப்பு. ஃபெர்கல் கோல்கோட்டில் நாடாவின் முனையைக் காலால் அழுத்திக்கொண்டு நின்றான். பதில் சொல்வது அவன் வேலை இல்லை என்பதுபோல் பார்ட்லியையே பார்த்தான்.

மறுமுனையில் குனிந்திருந்த பார்ட்லி எழுந்தார். மதில்வரை கேட்கிற குரலில் சொன்னார்:

"இல்ல ஃபாதர். இருக்கக் கூடாது. பன்னண்டு வருஷம் முன்னாடி நம்ம நாற்பத்தஞ்சை நான் நாற்பத்தெட்டுல போட்டேன். இவன் உதை சரிதான். கோடுதான் பொய். உங்களுக்குத் தெரியும். இவங்களுக்கும் தெரியட்டும்."

சிரிப்பு நின்றது. பாதிரியார் நாயின் கழுத்துப்பட்டையைக் குனிந்து சரிசெய்தார், வெகுநேரம் சரிசெய்தார்.

பார்ட்லி நாடாவை மறுபடி பிடித்தார். ஆணியை எடுத்துக்கொண்டு முட்டி போட்டார்.

"இழுத்துப் பிடிங்க," என்றான் ஃபெர்கல். "நாடா இன்னும் தொய்வா இருக்கு."

இழுத்துப் பிடித்தார். நாற்பத்தைந்து. அங்கேயே அடித்தார்.