கடலில் மிதித்த தறி

ரங்கூன் கப்பலில் ஏறிய முதல் இரவில் நான் வாந்தி எடுத்த மாதிரி அவ்வளவு நிம்மதியாக வாழ்நாளில் எப்போதும் எடுத்ததில்லை. இதைச் சொன்னால் என் பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். அவர்களில் மூத்தவனுக்காகத்தான் அன்றைக்கு அத்தனை பாடும் பட்டேன்.

நான் பிறந்தது குடியாத்தத்தில், தறிக்காரர் வீட்டில். அப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் என்னையும் தறிக்குழியில் உட்கார வைத்தார். வாழ்க்கைப்பட்டது ஆம்பூரில். அவர்களும் எங்கள் ஜனம்தான், ஆனால் தறியை விட்டு வெகுகாலமாகிவிட்டது. கடைத்தெருவில் கைலிக் கடை வைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் ரங்கூனில் மாமாவின் கடையில் இருந்தார். விடுப்பில் வந்து தாலி கட்டினார், கையோடு என்னையும் கூட்டிப் போவதென்று பேச்சு. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்ட பெண் கப்பலேறப் போகிறாள் என்று மாமியார் வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கப்பலுக்கு நாள் குறித்த பிறகு எனக்கு நாள் தள்ளிப்போயிற்று.

எங்களில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அதில் பேச்சுக்கே இடமில்லை. வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே என்னைக் குடியாத்தத்தில் இறக்கிவிட்டு, அவர் மட்டும் கப்பலேறியிருப்பார். பிள்ளை பிறக்கும், வளரும், அவர் எப்போது விடுப்பு கிடைக்கிறதோ அப்போது வருவார். என் அக்காவுக்கு அப்படித்தான் நடந்தது. அக்கா வீட்டுக்காரர் கடல் கடந்து வந்து கையை நீட்டியபோது அவள் மகன் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். என் கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. எனக்கு அது வேண்டாம் என்று மணவறையில் இருந்தபடியே முடிவு செய்துவிட்டேன்.

அதனால் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் வயிறு மூடிக்கொள்ளவில்லை. காலையில் எழுந்தால் கொல்லைப்புறம் ஓடவேண்டியிருந்தது. நல்லவேளையாக ஆம்பூரில் அதற்கு ஒரு சாக்கு இருந்தது. பாலாற்றுப் பக்கமிருந்து காற்றடித்தால் தோல் பதனிடும் இடங்களின் வாடை ஊருக்குள் வந்துவிடும். சுண்ணாம்பும் பட்டைச்சாறும் ஊறின தோலும் கலந்த வாடை. அந்த ஊர்க்காரர்களுக்கு அது மூக்கில் ஏறுவதே இல்லை. நான் புதுப்பெண், எனக்கு ஏறுகிறது என்றேன்.

மாமியார் அதை அப்படியே நம்பினார். "இந்த வூட்டுக்கு வந்த எல்லாப் பொண்ணும் மூக்கைப் பொத்திக்கினுதான் வந்தா. நாலு நாள் போனா வாடையும் தெரியாது, ஒண்ணும் தெரியாது," என்று எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தார். நான் அதை மோந்து பார்த்துக்கொண்டே இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அந்த வாடைக்கு நன்றி சொன்னேன்.

ரயில் குடியாத்தத்தில் நின்றபோது அப்பாவும் அம்மாவும் புளியோதரைப் பொட்டலத்தோடும் நார்த்தங்காய் ஜாடியோடும் வந்திருந்தார்கள். அம்மா என் முகத்தையே பார்த்தாள். நான் ஜாடியையே பார்த்தேன். "ஒடம்பைப் பாத்துக்கோ" என்றாள். எல்லா அம்மாவும் சொல்வதுதான். ஆனால் சொல்லிவிட்டு என் கையை விடாமல் ரயிலோடு கொஞ்ச தூரம் நடந்தாள்.

காட்பாடியைத் தாண்டியதும் தோல் வாடை சுத்தமாகப் போய்விட்டது. எனக்குப் பகீரென்றது. வாடையோடு என் சாக்கும் போயிற்றே.

பட்டணத்தில் துறைமுகத்து டாக்டர் எங்களை வரிசையாக நிறுத்தி நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். என் முறை வந்தபோது வயிறு மேலே எழும்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஊர்த் தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன். அவர் அடுத்தவளைப் பார்க்கப் போய்விட்டார்.

எங்களுக்கு மேல்தளத்து டிக்கெட். அதாவது திறந்த தளத்தில் அவரவர் பாயை விரித்து அவரவர் பெட்டியை எல்லையாக வைத்துக்கொள்ள வேண்டியது. எங்களுக்குப் பக்கத்துப் பாயில் அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கத்து அம்மாள் ஒருத்தி. புருஷன் ரங்கூன் அரிசி ஆலையில் வேலை செய்கிறான், அவனிடம் போகிறேன் என்றாள். வெற்றிலையை மென்றுகொண்டே எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

என் வீட்டுக்காரர் கப்பலைத் தானே கட்டினவர் மாதிரி நடந்துகொண்டார். இது புகைப்போக்கி, அது நங்கூரம் என்று காட்டினார். "மொத தடவ வந்தப்போ எல்லாரும் கவுந்து கெடந்தாங்க. நான் ஒருத்தன்தான் நின்னுக்கினு இருந்தேன். உனக்கு ஒத்துக்கலன்னா சொல்லிடு. இதே கப்பல்ல நானே திருப்பிக் கொண்டாந்து உங்க வூட்டுல வுட்டுட்டுப் போறேன். எனக்கு இன்னா, கடலு தண்ணி பட்ட பாடு," என்றார்.

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். ஆனால் நான் உண்டாகியிருப்பது தெரிந்தால் கொண்டுபோய் விட்டுவிடுவார். சொன்னதைச் செய்கிற மனுஷர்.

சாயங்காலம் கப்பல் நகர்ந்தது. பட்டணத்து விளக்குகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கின. துறைமுகச் சுவரைத் தாண்டும்வரை ஒன்றுமில்லை. தாண்டியதும் கப்பல் ஒரு பெருமூச்சு விட்டு மேலே எழும்பியது, பிறகு மெதுவாக, மெதுவாக உள்ளே இறங்கியது. முதலில் கவிழ்ந்தவர் என் வீட்டுக்காரர்.

கலங்கரை விளக்கம்கூட இன்னும் மறையவில்லை. "அந்த வெளக்கு இருக்குதே" என்று எதையோ சொல்ல வந்தார், முடிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலுக்கு மேல் குனிந்துவிட்டார். அதற்குள் அங்கே இங்கே என்று தளம் முழுக்க ஆரம்பித்துவிட்டது. கிழவர்கள், குழந்தைகள், மீசை முறுக்கினவர்கள், யாரும் பாக்கியில்லை. அணைக்கட்டு அம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "வந்தா வுட்டுடு பொண்ணே, அடக்காத," என்றாள்.

அடக்காதே என்று எனக்கு யாராவது சொல்லி எத்தனை நாளாயிற்று! கொல்லைக்கு ஓட வேண்டியதில்லை, பானைத் தண்ணீரைச் சாய்த்துச் சத்தத்தை மறைக்க வேண்டியதில்லை. ஊர் பார்க்க, ஊரோடு சேர்ந்து, ஆசை தீர எடுத்தேன். பிறகு நார்த்தங்காய்த் துண்டு ஒன்றை நாக்கில் வைத்துக்கொண்டு பாயில் சாய்ந்தேன். கடலுக்கு மாலை போடலாம் போல இருந்தது.

அவருக்குத்தான் நிற்கவில்லை. எடுக்க ஒன்றுமில்லாமல் போன பிறகும் உடம்பு குலுங்கியது. நெற்றி ஜில்லென்று இருந்தது. எலுமிச்சம்பழம் கொடுத்தேன், தள்ளிவிட்டார். சுக்கைக் கடிக்கச் சொன்னேன், கடிக்கத் தெம்பில்லை. ஈரத்துண்டைப் போட்டு, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஒவ்வொரு வாட்டியும் இப்டித்தான்," என்றார் கண்ணைத் திறக்காமல். "நின்னுக்கினு இருந்தேன்னு சொன்னது பொய்யி. செத்துப் பொழைப்பேன். வூட்ல யாருக்கும் தெரியாது."

"தெரிய வேணாம்," என்றேன். ஆளுக்கொரு பொய்யோடுதான் கப்பலேறியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவர்மேல் திடீரென்று ஆசை வந்தது. கல்யாணமாகி அதுவரை மரியாதைதான் இருந்தது, பயமும் கொஞ்சம் இருந்தது. ஆசை அந்தக் கப்பலில்தான் வந்தது.

விளக்குகளைத் தணித்தார்கள். முனகல்களும் மெல்ல அடங்கின. புதுக் கைலி மூட்டை ஒன்றைத் தலைக்கு வைத்திருந்தேன். அதில் எங்கள் தெருவின் கஞ்சிப்பசை வாசனை இருந்தது. எனக்கு மேலே நட்சத்திரங்கள் எல்லாம் ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டு போயின, கொஞ்சம் நின்றன, பிறகு போன வழியே திரும்பி வந்தன. என் கால்கள் தகரப்பெட்டியில் முட்டிக்கொண்டிருந்தன. கப்பல் எழும்பும்போது இடது கால் தானாக அழுத்தியது. இறங்கும்போது வலது கால். நான் செய்யவில்லை, கால்களே செய்தன. பத்து வயதிலிருந்து மிதித்த கால்கள், மிதிக்க ஏதாவது கிடைத்தால் விடுமா?

இடது, வலது. இடது, வலது. குழியின் குளிர்ச்சி இடுப்புவரை ஏறியது. பக்கத்துத் தறியில் அப்பா இருந்தார், பார்க்காமலே தெரிந்தது. நூலை இழுத்துக்கொண்டு நாடா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியது, கப்பலின் அடியில் எங்கோ அதன் சத்தம் கேட்டது. அவ்வளவு பெரிய பாவு நூலை யார் விரித்தார்கள் என்று தெரியவில்லை. கருநீலம், கரைக்கு மட்டும் வெள்ளை. நெய்ய நெய்யத் துணி பட்டணத்துப் பக்கம் சுருண்டு போய்க்கொண்டே இருந்தது, நாங்கள் நெய்யாத பக்கமாக நகர்ந்துகொண்டே இருந்தோம். இவ்வளவு துணியை ரங்கூனில் யார் வாங்கப் போகிறார்கள் என்று கவலைப்பட்டேன். பிறகு அந்தக் கவலையும் தூரத்தில் போய்விட்டது. விழித்துப் பார்த்தால் என் குமட்டல் நின்றிருந்தது.

அவரை உலுக்கினேன். "காலை நீட்டி இந்தப் பொட்டி மேல வைங்க. மிதிங்க."

"இன்னாத்த மிதிக்கறது?"

"தறியை."

"எனக்கு தறி தெரியாதே."

கைலிக் கடைக்காரர் வாயால் அதைக் கேட்க எவ்வளவு சுகமாக இருந்தது! "எழும்பறப்போ இடது, இறங்கறப்போ வலது. அலையை எதிர்த்துக்கினு கெடக்காதீங்க. அது பாட்டுக்கு வரட்டும், நீங்க மிதிச்சு வுடுங்க," என்றேன். முதலில் தடுமாறினார். என் பாதத்தால் அவர் பாதத்தை அழுத்தி அழுத்திக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு ஜோடிக் கால்களும் ஒரே தறியில் ஏறின. அவர் மூச்சு சீரானது, கை என் மணிக்கட்டைப் பிடித்தபடியே தளர்ந்தது. தூங்கிவிட்டார்.

நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். அரைத் தூக்கத்தில் மூன்று பேர் மிதிப்பது போலவே தோன்றியது. "நாம மூணு பேரு" என்று சொல்லிவிட உதடுவரை வந்தது. சொல்லவில்லை. இந்த இரவு விடியாமல் இப்படியே போய்க்கொண்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

விடிந்தது. அலை எங்கே போயிற்று என்று கேட்கும்படி கடல் தட்டையாகக் கிடந்தது. ஜனங்கள் எழுந்து சிரித்தார்கள், ஒருவர் வாந்தியை ஒருவர் கேலி செய்தார்கள், பொட்டலங்களைப் பிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் எழுந்து தலையை வாரிக்கொண்டார். "நேத்து ரயில்ல சாப்புட்டது ஒத்துக்கல போல," என்று பக்கத்தில் கேட்கும்படி சொல்லிவிட்டு, பசி தாங்காமல் அம்மாவின் புளியோதரையைப் பிரித்தார். நல்லெண்ணெய் வாசனை வந்தது. நான் கம்பிக்கு ஓடினேன்.

திரும்பியபோது அணைக்கட்டு அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாருக்கும் அலையோட போயிடுச்சு, உனக்கு மட்டும் நிக்கலையே. எத்தினி மாசம் பொண்ணே?" என்றாள்.

அவர் கையிலிருந்த கவளம் வாய்க்குப் போகாமல் நின்றது.

நான் பாயில் உட்கார்ந்தேன். அந்த அம்மாள் தன் வேலை முடிந்த மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் கவளத்தைப் பொட்டலத்தில் வைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார். "ஊர்லயே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா கூட்டிக்கினு வந்திருப்பீங்களா?"

யோசித்தார். "மாட்டேன்," என்றார். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

"எங்கக்கா புள்ள கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கிச்சே, நீங்களும்தானே பாத்தீங்க," என்றேன்.

"மொதப் பிரசவம் உங்கம்மா வூட்லதான் ஆவணும். இப்டி இருக்கறவள இன்னொருத்தர் கூட அனுப்ப முடியாது. நானேதான் கொண்டாந்து வுடணும். வுட்டுட்டு நான் திரும்பி..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் கடலைப் பார்த்தார். அவர் முகம் நேற்றுச் சாயங்காலத்து நிறத்துக்கு மாறியது. அவ்வளவு நேரம் யாரும் கடலைப் பார்த்து நான் கண்டதில்லை.

"தனியா என்னால ஆவாது," என்றார் கடைசியில். "நீ என் பக்கத்துலயே இரு. ரங்கூன்ல புள்ள பொறக்கறதே இல்லையா இன்னா? ஊருக்கு நான் எழுதறேன், அம்மா திட்டினா என்னைத் திட்டட்டும்."

ஜெயித்துவிட்டேன் என்று சிரிக்க வேண்டிய நான் ஓவென்று அழுதேன். ரயிலோடு நடந்து வந்த அம்மா கை ஞாபகம் வந்துவிட்டது. இனி என் தலைக்கு எண்ணெய் வைக்கக்கூட அவள் அங்கே வரமுடியாது. கேட்டது கிடைத்த பிறகுதான் அதற்காக எதை விட்டேன் என்பது எனக்கு உறைத்தது.

அவர் புளியோதரையை மூடி எட்டத்தில் வைத்தார். கைலி மூட்டையைத் தட்டிச் சரிசெய்து என்னைப் படுக்க வைத்தார். பிறகு எனக்குப் பக்கத்தில் காலை நீட்டி, தகரப்பெட்டியில் பாதங்களை வைத்து மிதிக்க ஆரம்பித்தார். கடலில் அப்போது அசைவே இல்லை. அவர் பாட்டுக்கு இடது இரண்டு தரம், வலது ஒரு தரம் என்று மிதித்துக்கொண்டிருந்தார். தறியில் அப்படி மிதித்தால் இழை அறுந்துபோகும். நான் திருத்தவில்லை. அந்தச் சத்தத்திலேயே தூங்கிப்போனேன்.