லாடாங் என்று மட்டும் சொன்னவர்

தப்பு என் மேல் இருப்பதால், இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன்.

பத்தாங் பெர்ஜுந்தாய் கிளினிக்கில் சர்க்கரை சோதிக்க உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்திருந்தேன். பக்கத்தில் ஒல்லியான மனிதர், காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. அடிக்கடி தன் சட்டைக் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டார்.

"பன்னிப் பண்ணையில வேலை அண்ணே. குளிச்சாலும் வாடை போகாது."

"உள்ள மலாய்க்கார டாக்டர், முஸ்லிம். பன்னின்னு சொல்லாதீங்க. லாடாங்னு சொன்னா போதும்லா" என்றேன். தோட்டம், பண்ணை இரண்டுக்கும் மலாயில் அதே சொல்தான்.

உள்ளே போய் அப்படியே சொல்லிவிட்டு, மருந்துச் சீட்டோடு வெளியே வந்து நின்றார்.

"செம்பனைத் தோட்டம்னு நெனச்சு, கொசு கடிச்சுதான்னு கேக்குறாரு. பன்னியெல்லாம் ஒரு வாரமா இருமுது அண்ணே. எனக்கும் அதே இருமல். வீட்டுல பொண்டாட்டி மாசமா இருக்கா."

நான் வாய் திறக்குமுன் கதவைத் தட்டினார். பன்றியை ஒளிக்காமல், "லாடாங் பாபி, டாக்டர்" என்று சத்தமாகச் சொன்னார். டாக்டர் முகம் சுளிக்கவில்லை. எழுந்து வந்து, முகக்கவசம் கொடுத்து, தனி அறைக்கு அழைத்துப் போனார்.

அப்புறம் அவரை நான் பார்க்கவில்லை. முருகன் காப்பாற்றியிருப்பான் என்று நம்புகிறேன். தினமும் திருநீறு பூசுகிற நான்தான் மறைக்கச் சொன்னேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது, மரியாதைக்காகக்கூட பன்றி என்ற வார்த்தையை எடுத்துவிடாதீர்கள்.