ஒரு நிமிடம் நிற்க முடியாதவர்

ஜெர்மனும் பிரெஞ்சும் பேசப்படும் பீல் நகரில், கைக்கடிகாரக் கூடுகளை மெருகிடும் ஒரு பட்டறையில் நான் வேலை செய்தபோது, குளிர்காலத்தின் கடைசி மாதங்களில் ஒன்பது மணிக் கோப்பி நேரம் முழுவதும் ஐஸ் ஹொக்கிப் பேச்சிலேயே போய்விடும். எண்பதுகளின் பின்பாதி அது. புள்ளிப் பட்டியலில் முதலாவதாக வருகிற அணிக்கே கிண்ணம் என்ற பழைய முறையை மாற்றி, மேலே இருக்கும் அணிகள் மறுபடியும் மோதி முடிவு காணும் ‘பிளேஓஃப்’ அந்த நாட்டுக்கே புதிதாக வந்திருந்தது. அதனால் மார்ச் மாதத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் பைத்தியம் பிடித்திருந்தது.

எங்கள் பட்டறைப் பொறுப்பாளரை மைஸ்டர் என்போம். ஜெர்மனில் தொடங்கிய வசனத்தைப் பிரெஞ்சில் முடிக்கும் அசல் பீல்காரர். பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தை மேசை முழுக்க விரித்துவிட்டு, அதன் மேல் கோப்பை வைக்க யாரையும் விடமாட்டார். அந்த வருடம் எங்கள் ஊருக்கு எதிராக நின்றது மலைப்பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் அணி. அவர்கள் கதை முடிந்தது என்பது மைஸ்டரின் வாதம். கோல் காப்பவருக்கு இடுப்பு வலி. நடுவில் ஆடுகிறவர் இரண்டு முறை தோள்பட்டை விலகியவர். எல்லாவற்றுக்கும் மேலாகப் பின்வரிசையில் நிற்கும் பதினேழாம் இலக்கக்காரருக்கு வயது முப்பத்தெட்டு. அவரை மைஸ்டர் நெடுங்காலமாக வெறுத்துவந்தார். அவருடைய பழைய கோல்களையெல்லாம் தேதி தவறாமல் சொல்லக்கூடிய அளவுக்கு வெறுத்தார்.

எதிர்த்துப் பேச ஒரே ஒருவர் இருந்தார். தரம் பார்க்கும் பிரிவில், கண்ணில் உருப்பெருக்கியை இடுக்கிக்கொண்டு கூடுகளில் கீறல் தேடும் பெண்மணி. அந்த மலையூரில் பிறந்தவர். வேலையில் எப்படிக் குறை சொல்வாரோ அதே அமைதியோடு மைஸ்டரின் கணிப்புகளையும் திருப்பி அனுப்புவார். அரையிறுதிக்கு வந்த பிறகு வயதைப் பற்றிப் பேசுவது தோற்கப் பயப்படுகிறவர்களின் பேச்சு என்றார்.

நாங்கள், அதாவது பட்டறையில் இருந்த தமிழர்கள், மைஸ்டரின் பக்கம். ஆனால் எங்களுடைய காரணம் வேறு. எங்கள் வீட்டில் ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி இருந்தது. பெரிய கழிவுப் பொருட்களை அள்ளும் நாளில் தெருவோரத்திலிருந்து தூக்கி வந்தது. படம் புள்ளி புள்ளியாக மினுங்கிக்கொண்டே இருக்கும். ஐஸ் ஹொக்கியில் அடிபடுகிற கறுப்பு ரப்பர் தட்டை அந்தத் திரையில் ஒருநாளும் நாங்கள் கண்டதில்லை. ஆகவே தட்டை விட்டுவிட்டு ஆட்களைப் பார்த்தோம். தலைக்கவசம் போட்ட அத்தனை பேரும் ஒருவரைப் போலவே இருந்தார்கள். பதினேழாம் இலக்கக்காரரை மட்டும் தெரியும். அவர் களத்தை விட்டு வரும்போதெல்லாம் கமரா அவருடைய முகத்துக்குப் போகும். வியர்வை வழிய, வாய் திறந்தபடி, தலையைக் குனிந்துகொண்டு களத்தோர இருக்கையான வாங்கில் உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நேரத்தில் மறுபடி உள்ளே போவார். ஒரு நிமிடத்தில் திரும்பி வந்து மறுபடி மூச்சிரைப்பார். எங்களுக்குத் தெரிந்தவை கால்பந்தும் கிரிக்கெட்டும்தான். ஒரு நிமிடத்துக்கு மேல் களத்தில் நிற்கமுடியாத ஒரு ஆளை, பழைய பெயருக்காக வைத்து இழுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தோம்.

இதை எங்கள் அணித்தலைவர், மன்னாரிலிருந்து வந்த இருபத்துநாலு வயதுத் தம்பி, தனக்குத் தெரிந்த பத்துப் பதினைந்து ஜெர்மன் சொற்களில் மைஸ்டருக்கு எடுத்துச் சொன்னான். வயது போட்டுது, உடைஞ்சுபோச்சு, ஒரு நிமிசம். மைஸ்டருக்கு இந்த ஒரு நிமிடம் எதற்கு என்று விளங்கவில்லை. ஆனாலும் முடிவு தன்னுடையதோடு ஒத்துப்போனதால் தம்பியின் தோளில் தட்டினார். இப்படிப் பல வாரங்கள் இரண்டு தரப்பும் முழு உடன்பாட்டோடு இருந்தோம்.

அணித்தலைவர் என்றேன். மாரி முடிவில் அந்த வட்டாரத் தொழிற்சாலைகளுக்கிடையில் உள்ளரங்கக் கால்பந்துப் போட்டி ஒன்று நடக்கும். அந்த வருடம் முதல்முறையாக எங்களுக்கென்று ஓர் அணியைப் பதிந்திருந்தோம். விளையாட விரும்பியவர்களைவிட இடம் ஒன்று குறைவு. விடுபடப் போகிறவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்களோடு ஒரே அறையில் இருந்த அண்ணை. ஊரில் ஒரு கழகத்துக்கு இடப்பக்க முன்வரிசையில் ஆடியவர். மனைவியும் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில். அவருடைய அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை. நாள் முழுக்க மெருகுச் சக்கரத்தின் முன்னால் நின்று, மாலையில் சோறு வைத்து, குறைவாகப் பேசி இருப்பவர். இந்த நாட்டுக்கு வந்த பிறகு எங்களிடம் அவர் கேட்ட ஒரே காரியம், அந்த அணியில் ஒரு இடம். அவருக்கும் முப்பத்தெட்டு வயது. படி இறங்கும்போது வலது முழங்கால் சத்தம் போடும்.

ஒரு திங்கட்கிழமை, வழக்கம்போல மலையூர்க்காரர்களின் வாய்ப்புகள் அலசப்பட்டுக்கொண்டிருந்தபோது, தம்பி என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னான்: “முப்பத்தெட்டு வயசிலை ஒரு நிமிசம் நிக்கேலாதெண்டால் வீட்டிலை இருக்கிறதுதானே. இடத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு என்னத்துக்கு?”

பதினேழாம் இலக்கக்காரரைத்தான் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே கேட்டது. அண்ணை கோப்பையை மேசையில் வைத்தார். பத்திரிகைக்கு மேலேயே வைத்தார். மைஸ்டர்கூட அதை விலக்கவில்லை.

அரையிறுதித் தொடரின் கடைசி ஆட்டம் எங்கள் ஊரில் நடந்தது. மைஸ்டர், நின்று பார்க்கும் பகுதிக்கு நுழைவுச்சீட்டுகள் எடுத்துத் தந்து தம்பியையும் அண்ணையையும் என்னையும் கூட்டிப்போனார். தரம் பார்க்கும் பெண்மணியும் வந்தார். எதிரணியின் கழுத்துத்துணியைக் கட்டிக்கொண்டு, எங்கள் ஊர்க்காரர்களுக்கு நடுவில், பேருந்துக்குக் காத்து நிற்பவர் போல நின்றார்.

அந்த மண்டபத்துக்குள் முதன்முதலாகப் போனபோது எனக்கு ஏற்பட்டதை இன்றும் சரியாக எழுதமுடியவில்லை. தொலைக்காட்சியில் சாம்பல் நிறமாகத் தெரிந்தது, நேரில் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை. கீழிருந்து எழும் குளிர் சப்பாத்துக்குள் புகுந்தது. ஒரு வண்டி மெதுவாக ஊர்ந்து தண்ணீரை மெழுகிக்கொண்டு போக, அதன் பின்னால் பனித்தரை கண்ணாடியாக மாறி, கூரை விளக்குகள் அத்தனையும் அதற்குள் எரிந்தன. பிறகு இரண்டு அணிகளும் வந்தன. தொலைக்காட்சி எங்களுக்குச் சொல்லாமல் விட்டது சத்தம். சப்பாத்தின் அடியிலிருக்கும் கத்தி பனியைக் கீறும் சத்தம், களத்தைச் சுற்றியுள்ள தடுப்புப் பலகையில் உடம்பு மோதும் சத்தம், மாட்டுமணிகளை ஆட்டும் ஆயிரக்கணக்கான கைகள். அந்த வேகத்தை நான் மனிதர்களிடம் அதுவரை கண்டதில்லை. சைக்கிளில் சரிவில் இறங்கும்போது கண்ணில் தண்ணீர் வருமே, அந்த வேகத்தில் போய், ஒரு குதிகாலைத் திருப்பி நின்றார்கள்.

முதலில் கண்டுகொண்டவன் தம்பி. என் கையைப் பிடித்தான்.

“இஞ்சை பாருங்கோ, ஒரு நிமிசத்திலை எல்லாரும் வெளியிலை போறாங்கள்.”

பார்த்தேன். எங்கள் ஊர் அணியின் பத்தொன்பது வயதுப் பையன்கள் பலகைக்கு மேலால் தாவி உள்ளே விழுந்தார்கள். வெறிபிடித்தவர்கள் போல ஓடினார்கள். ஒரு நிமிடம் ஆவதற்குள் வாங்குக்குத் திரும்பி, தலையைக் குனிந்து, வாய் திறந்து மூச்சு வாங்கினார்கள். அடுத்த ஐந்து பேர் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள். ஆட்டம் நிற்கவேயில்லை. தம்பி மைஸ்டரிடம் அதையே சைகையால் கேட்டான். மைஸ்டர் அவனை விசித்திரமாகப் பார்த்தார். இந்த வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் யாராலும் ஆடமுடியாது, எந்த வயதிலும் முடியாது, அதற்குமேல் நிற்கிறவன் ஏமாற்றுக்காரன் என்று இரண்டு மொழியிலும் விளக்கினார். தம்பி அண்ணையைத் திரும்பிப் பார்த்தான். அண்ணை எங்களைப் பார்க்கவில்லை. அவர் கண் பனியில் இருந்தது.

பதினேழாம் இலக்கக்காரர் தட்டைத் தொட்டபோதெல்லாம் எங்கள் ஊர் முழுவதும் சீழ்க்கை அடித்தது. அவர் மற்றவர்களைவிட வேகம் குறைந்தவர் என்பது நேரில் தெளிவாகத் தெரிந்தது. ஆட்டத்தின் கடைசியான மூன்றாவது பகுதியில், எங்களுடைய ஆட்களில் மிக வேகமானவன் தட்டோடு தனியே பிரிந்து வந்தான். எதிரே அவர் ஒருவர்தான். முகத்தை அவனுக்குக் காட்டியபடியே அவர் பின்பக்கமாக ஓடத் தொடங்கினார். திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் வருகிற இளைஞனின் வேகம் எவ்வளவோ, முதுகுப் பக்கமாகப் போகும் அவருடைய வேகமும் அவ்வளவு. இருவருக்கும் இடையில் ஒரு மட்டை நீளம். அந்த இடைவெளி கூடவுமில்லை, குறையவுமில்லை. இடது தோளைச் சற்றே விலக்கி ஒரு பாதையைத் திறந்து காட்டினார். இளைஞன் அதற்குள் போனான். அது மூலைக்குப் போகும் பாதை. மூலையில் அவர் தன் மட்டையை நீட்டித் தட்டை எடுத்துக்கொண்டார். ஒரு மேசையிலிருந்து கரண்டியை எடுப்பதுபோல எடுத்தார். இளைஞன் பலகையில் முட்டி நின்றான். சீழ்க்கை நின்றுபோனது. அத்தனை ஆயிரம் பேரும் ஒரு மூச்சை உள்ளே இழுத்துக்கொண்ட அமைதி அது. எதிரணியைப் பார்த்து ஒரு ஊரே அப்படி மௌனமாவதை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. அவர் தட்டை முன்னால் அனுப்பிவிட்டு, நேரே வாங்குக்குப் போய் உட்கார்ந்தார்.

மைஸ்டர் அவரைப் பெயர் சொல்லித் திட்டினார். குரல் கரகரத்திருந்தது.

ஆட்டத்தில் எங்கள் ஊர்தான் வென்றது. ஒரு கோல் வித்தியாசம். வயதைப் பற்றிய மைஸ்டரின் கணிப்பு சரியானது என்றே பட்டியல் சொல்லும். முடிந்ததும் இரு அணிகளும் வரிசையாக வந்து ஒவ்வொருவராகக் கைகொடுத்தார்கள். தலைக்கவசத்தைக் கழற்றியிருந்த பதினேழாம் இலக்கக்காரரின் தலைமயிர் நரைத்திருந்தது. அந்த இளைஞன் அவர் கையைப் பிடித்து, மற்றவர்களைவிடக் கொஞ்சம் நேரம் விடாமல் வைத்திருந்தான்.

அடுத்த வருடம் அவருக்கு முப்பத்தொன்பது ஆகிவிடும் என்று மைஸ்டர் பெண்மணியைச் சீண்டினார். ஆகும், என்றார் அவர். உங்களுக்கும் ஒன்று கூடும்.

வீட்டுக்கு நடந்தே போனோம்.  பாலத்தைத் தாண்டியதும் அண்ணைதான் கதையைத் தொடங்கினார்.

“தம்பி, அந்தக் கால்பந்துக்கு ஆள் மாத்துறதுக்குக் கணக்கிருக்கோ?”

“இல்லை அண்ணை. எத்தினைதரமும் மாத்தலாம்.”

“அப்ப எனக்கு ஒரு நிமிசம் தா. முடிய இறங்கிறன். பிறகு ஒரு நிமிசம் தா.”

 இடம் இல்லை என்பது உண்மை. கொஞ்சத் தூரம் நடந்த பிறகு தம்பி, “ஒரு நிமிசத்திலை என்ன செய்வியள்?” என்று கேட்டான். கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

“பந்து எங்கை வருமெண்டு எனக்குத் தெரியும். அங்கை போக இப்ப நேரம் எடுக்குது. அங்கையே நிண்டால் போகத் தேவையில்லை.”

தம்பி அந்தக் கிழமை தன் திட்டம் முழுவதையும் மாற்றினான். எல்லோரையும் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுவது, தன்னையும் சேர்த்து. இருந்த இடங்களில் ஒன்றை எனக்கென்று வைத்திருந்தான். நான் ஊரிலேயே மோசமாக ஆடியவன். அதை அண்ணைக்குக் கொடுக்கச் சொன்னேன், அவனும் மறுக்கவில்லை. ஆள் மாற்றும் நேரம் பார்த்துச் சொல்வது என் வேலையானது.

போட்டியில் முதல் ஆட்டத்தில் வென்றோம். அடுத்ததில் தோற்றோம். மூன்றாவது ஆட்டம் முடியச் சிறிது நேரம் இருக்கையில் இரு பக்கமும் சமநிலை. அண்ணை உள்ளே போனார். இடப்பக்கச் சுவரோரம் சும்மா நின்றார். எதிரணிக்காரர் ஒருவரும் அவரைக் கவனிக்கவில்லை. பந்து சுவரில் பட்டு, அவர் காலுக்கே வந்தது. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் தட்டிவிட்டார். அங்கே தம்பி ஓடிவந்துகொண்டிருந்தான். கோல்.

தம்பி ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்து, “நில்லுங்கோ அண்ணை, முடியுமட்டும் நில்லுங்கோ” என்றான். அண்ணை அவன் கையை விலக்கிவிட்டுக் களத்தை விட்டு வந்தார். நான் அழைக்க வேண்டியிருக்கவில்லை; அவருடைய ஒரு நிமிடம் முடிந்திருந்தது. வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்காலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, களத்தையே பார்த்திருந்தார். பிறகு தலையைத் திருப்பாமலே, அடுத்து வெளியே வருவது யார் என்று என்னைக் கேட்டார்.