அடைக்கோழியின் கீழே ஒரு மோடம்

கம்பிவழி இணையம் தானா ராத்தா பட்டணத்தோடு நின்றுவிட்டது. எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வரவில்லை. மகள் வீட்டிலிருந்தே கல்லூரிப் பாடம் படிக்க வேண்டிவந்தபோது, சிம் போட்ட மோடம் தரும் இரண்டு நிறுவனங்கள்தான் எங்களுக்கு மிச்சம். ஒன்றில் வேகம் அதிகம், விலையும் மலிவு. ஆனால் மாதக் கோட்டா தீர்ந்தால் நகராது. மற்றதில் விலை கூடுதல், வேகம் சுமார், கோட்டா என்பதே கிடையாது. இரண்டு நிறுவனமும் சோதித்துப் பார்க்க மோடம் கொடுத்தன.

தேயிலை ஆலையில் வேலை செய்யும் என் கணவர் எதையும் ஒப்பிடாமல் வாங்கமாட்டார். மோடங்களை ஏந்திக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். கடைசியில் பின்புறக் கோழிக்கூண்டில்தான் சிக்னல் முழுசாகக் கிடைத்தது. நீளமாக ஒயர் இழுத்து இரண்டையும் அங்கேயே வைத்தார்.

எங்கள் சிவப்புக் கோழி அப்போது அடைகாக்க இடம் தேடிக்கொண்டிருந்தது. மலைக்குளிருக்கு அந்த வேகமான மோடம் நல்ல கதகதப்பு. ஏறி உட்கார்ந்துவிட்டது. வேகம் பாதியாக இறங்கியது. தூக்கப் போன கணவரின் கையில் ரத்தம் வரக் கொத்தியது.

அவர் கோபமாக நிறுவனத்துக்குப் போன் செய்தார். ஒரு பெண் தமிழிலேயே பேசினாள்.

"மோடம் மேல ஏதாச்சும் வச்சிருக்கீங்களா, அங்கிள்?"

"நான் வைக்கல லா. கோழி தானா உக்காந்துருச்சி."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"அப்ப கோழிய ஒரு தடவை எடுத்துட்டு, திரும்ப வச்சுப் பாருங்க."

வெறும் பெட்டியை அது அடைகாப்பதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. பக்கத்து வீட்டில் முட்டை வாங்கி மோடத்தைச் சுற்றி வைத்தேன்.

சோதனைக் காலம் முடிந்து, மோடத்தை வாங்கிப்போக அந்த நிறுவனத்து ஆள் வந்தார். குனிந்து கூண்டுக்குள் பார்த்தார். கோழி உறுமியது.

"அக்கா, எப்ப எடுக்கலாம்?"

"குஞ்சு பொரிக்கட்டும் தம்பி."

அவர் போனை எடுத்து எதையோ தட்டினார். "கஸ்டமர் இன்னும் யோசிக்கிறாங்கன்னு போட்டுட்டேன்" என்றார்.

குஞ்சுகள் வந்த பிறகு கணவர் மோடத்தை ஈரத்துணியால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். கோட்டா இல்லாததையே எடுத்தோம். தோட்டத்து லயத்து வீடுகளில் யாராவது எது நல்லது என்று கேட்டால், இன்றும் அவர் யோசித்துத்தான் பதில் சொல்கிறார்:

"உங்க வீட்ல கோழி இருக்கா?"