ஈயின் கால் முடி

தொண்ணூற்றொன்றில் ஒரகடத்துப் பக்கம் கம்பெனிகளைவிட மாடுகள் அதிகம். மாடுகளைவிட அவற்றை மொய்க்கும் ஈக்கள் அதிகம். எங்கள் வீட்டில் அந்த ஈக்களைக் கண்டு சந்தோஷப்பட்ட ஒரே ஆள், சென்னையில் விலங்கியல் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்த அத்தை. ஈக்கு ருசி எங்கே தெரிகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஈயின் முதுகில் மெழுகு வைத்து ஒரு குச்சியில் ஒட்டுவாள். கால் சர்க்கரைத் தண்ணீரில் பட்டதும் வாய்க்குழல் கீழே இறங்கும். எனக்கு அதைப் பார்க்க அலுக்கவே அலுக்காது.

படிப்பு முடிய ஒரு வருடம் இருக்கையில் வாலாஜாபாத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு படிக்க விடமாட்டார்கள் என்று தரகர் முன்பே சொல்லியிருந்தார். அத்தை சண்டை எதுவும் போடவில்லை. மாட்டுக்கொட்டகையில் தினமும் மூட்டும் வேப்பிலைப் புகையை மட்டும் அன்று வேண்டாமென்றாள். வருகிறவர்களுக்குக் கண் எரியுமாம். அவள் பொறுப்பைப் பார்த்து அம்மாவுக்கு ஒரே பெருமை.

புகை இல்லாததால் கொட்டகை ஈக்களெல்லாம் கூடத்துக்கு வந்துவிட்டன.

"இன்னாமா படிக்கிற நீ?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா, கேசரியை வாயருகே கொண்டுபோனபடி.

அத்தை குனிந்த தலை நிமிராமல் பணிவாகச் சொன்னாள். "ஈயைப் பத்திங்க. அதுக்குக் கால்லதான் ருசி தெரியும். சாணியோ புண்ணோ, மொதல்ல காலை வச்சுத்தான் பாக்கும். கால் முடிக்குள்ள நரம்பு ஓடுது. தோ, உங்க கேசரி மேல உக்காந்துகினு இருக்கே, அது இப்ப அதான் பண்ணுது."

தட்டுகள் ஒவ்வொன்றாகத் தரைக்கு இறங்கின. மாப்பிள்ளை மட்டும் தின்றுகொண்டே கேட்டார். "முடிக்குள்ள நரம்புன்னா, ருசி எப்படிங்க உள்ள போவும்?"

அத்தை அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நுனியில ஒரு ஓட்டை இருக்குங்க. கண்ணுக்குத் தெரியாது." குரல் இறங்கிவிட்டது.

"பாக்கணுமே," என்றார் அவர்.

அதற்குள் அவர் அம்மா எழுந்துவிட்டார். "எந்திரிடா, வூட்டுக்குப் போலாம்."

சம்பந்தம் அத்தோடு முறிந்தது. அத்தை போட்ட திட்டம் பலித்தது, படிப்பும் தப்பித்தது. வீட்டில் எல்லோரும் ஈயைத் திட்டித் தீர்த்தார்கள். அத்தை சமையலறையில், வழித்துத் தின்றிருந்த ஒரே ஒரு தட்டைக் கழுவப் போடாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கேசரி கிடைக்காத வருத்தம் என்று நினைத்து என் பங்கில் ஒரு வாய் ஊட்டினேன்.

"இனிக்குதா அத்தை?"

"தெரியலடா," என்றாள்.

ஈயின் காலுக்குத் தெரிவதுகூட அத்தைக்குத் தெரியவில்லையே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.