பெல் அடித்துக்கொண்டு முன்னால் போனவள்

கிறேஸ் போய்விட்டாள். இன்று காலை, பருத்தித்துறையில், அவள் பிறந்த அதே வீட்டில்.

மாறாத வருத்தம், மருந்தில்லாத நோய் என்று ஆறு மாதமாகத் தெரியும். தெரிந்தும் என்ன... போனை வைத்துவிட்டு, ஏனோ ஓடுகிற சப்பாத்தைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

நான் இங்கே அதிகம் எழுதுகிறவள் இல்லை. கதைக்கவே கூச்சப்படுகிற ஆள். இன்றைக்கு மட்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், ஒரு அன்ரி வீட்டில் வாடகைக்கு எடுத்த போடிங் அறையில் நாங்கள் மூன்று பேர்: கிறேஸ், வதனி, நான். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகக் கம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

எனக்கு ஒரு ஆசை இருந்தது. திருநெல்வேலியிலிருந்து உடுப்பிட்டியில் எங்கள் வீட்டுப் படலை வாசல் வரைக்கும் ஓட வேண்டும். பதின்மூன்று மைலுக்குக் கிட்ட வரும்.

இப்போது இதற்கு ஹாஃப் மரதன் என்று பெயர். ஓடி முடித்தால் போட்டுக்கொள்ள ரீசேர்ட் எல்லாம் தருகிறார்கள். அப்போது இதற்குப் பெயர் விசர், பைத்தியம்.

ரோட்டில் ஒரு பெண் ஓடுவதா என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பிரச்சினை வேறு. அந்த நாட்களில் எங்கள் ஊர் ரோட்டில் யாராவது ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஏதோ வருகிறது: ஹெலிகொப்டரோ, ஷெல்லோ.

முதல் நாள் பலாலி வீதியில் அரை மைல்கூட ஓடியிருக்க மாட்டேன். மரக்கறிக்காரர் சாக்கை இழுத்து மூடினார். ஒரு அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்கினார். திரும்பிப் பார்த்தால்... எனக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர் ஓடி வருகிறார்கள்!

ஒரு ஐயா மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார். "எங்கை பிள்ளை விழுந்தது?"

"ஒரு இடமும் இல்லை ஐயா. நான் சும்மா ஓடுறன்."

"சும்மாவோ? உனக்கென்ன விசரோ?"

அன்று பின்னேரமே கதை போடிங் அன்ரியின் காதுக்குப் போய்விட்டது. "சனத்தைப் பயப்பிடுத்திற பெட்டையை நான் வீட்டிலை வைச்சிருக்கேலாது. இன்னொருக்கா ஓடினால் உன்ரை அப்பரைக் கூப்பிட்டு அனுப்பிப்போடுவன்."

அறை போனால் படிப்பும் போகும். அப்பா வேறு அறை தேடமாட்டார். 'படிச்சது காணும், இனிப் போதும், வீட்டை வா' என்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

கிறேஸ்தான் வாயைத் திறந்தாள். "அன்ரி, சனம் பயப்பிடாட்டில் இவள் ஓடலாம்தானே?"

அன்ரி பதில் யோசிப்பதற்குள் தன் தகப்பனின் பெரிய ஆம்பிளைச் சைக்கிளை முற்றத்துக்கு உருட்டிவிட்டாள்.

அடுத்த நாளிலிருந்து அவள் சைக்கிளில் முன்னால், நான் பத்து யார் தூரம் பின்னால். விடாமல் பெல். சேர்ச்சில் பாடிப் பழகிய குரல் வேறு.

"ஒண்டுமில்லை! ஒருத்தரும் ஓடாதேங்கோ! உவள் சும்மா ஓடுறாள்!"

எனக்கு ஓடுவதைவிட அதைக் கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது. "மெல்லமாச் சொல்லடி, வெக்கமாக் கிடக்கு."

"மெல்லமாச் சொன்னால் சனம் பங்கருக்கைதான் நிக்கும். நீ ஓடு."

ஒரு மாதத்தில் கோப்பாய்ச் சந்தித் தேத்தண்ணிக்கடைக்காரரே மற்றவர்களுக்குச் சொல்லத் தொடங்கிவிட்டார். "இருங்கோ, இருங்கோ, அது சும்மா ஓடுற பிள்ளை."

சும்மா உதவவில்லை அவள். சுவரில் ரைம்ரேபிள் எழுதி ஒட்டினாள். மூன்று நாள் ஓட்டம். இரண்டு நாள் படுக்கை. சனிக்கிழமை 'நாங்கள்': ஓட்டம் இல்லை, மூன்று பேரும் சேர்ந்து சும்மா இருக்கிற நாள்.

படுக்கை என்றால் யோகாசனம். என் முழங்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் படித்த ஆசனங்களில் படுத்துச் செய்பவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். இடுப்புக்குக் கீழே தலையணை, கால்கள் சுவரில், கண்ணை மூடி, நான் சொல்லிக்கொடுத்தபடி மூச்சை மெல்ல விட்டு, அரை மணித்தியாலம். மூன்று பேரும் வரிசையாக.

"இது யோகாசனமெண்டால் எங்கடை அப்பாவும் முனிவர்தான். ஒவ்வொரு நாளும் மத்தியானம் செய்யிறார்" என்பாள் கிறேஸ்.

ஒரு சனிக்கிழமை நான் களவாக ஓடப் புறப்பட்டேன். கிறேஸ் ஏசவில்லை. சைக்கிள் ரயரிலிருந்து காற்றைத் திறந்துவிட்டாள்.

"சைக்கிள் இண்டைக்கு வராது. அப்ப நீயும் ஓடேலாது. வதனி பாத்துக்கொண்டு நிக்கிறாள், வா, வடை தின்னுவம்."

கடைசியில் அந்த நாள் வந்தது. கோப்பாய், நீர்வேலி, புத்தூர் தாண்டி வல்லை வெளிக்கு வந்துவிட்டோம். ஒதுங்க ஒரு மரம் இல்லாத வெட்டை. உப்புக் காற்று முகத்தில்.

அப்போதுதான் ஹெலிச் சத்தம். இந்த முறை உண்மையாகவே வந்தது.

கிறேஸ் சைக்கிளைப் போட்டுவிட்டு என்னை இழுத்து விழுத்தினாள். "படு! கால் போடச் சுவரில்லை, சும்மா படு!"

தலைக்கு மேலே இரண்டு தரம் சுற்றியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மூச்சை விடு... மெல்ல விடு... நீதானே சொல்லித் தந்தனி" என்றாள்.

அது கடல் பக்கம் போன பிறகு நான் சொன்னேன். "காணும். திரும்புவம்."

"திரும்பினால் பதினொரு மைல். வீடு ரண்டு மைல். எது கிட்ட? எழும்பு."

எழும்பினேன்.

உடுப்பிட்டியில் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும்போது அவளுக்குக் குரல் அடைத்துவிட்டது. பெல் மட்டும்தான். அம்மா என்னைக் கண்டதும் ஈரக் கையோடு பங்கர் வாசலுக்கு ஓடினா. "ஐயோ பிள்ளை, என்ன வருகுது?"

அன்றைக்கு நான் கத்தினேன். அயல் முழுக்கக் கேட்க. வாழ்க்கையில் முதல் தடவை.

"ஒண்டுமில்லை அம்மா! நான் சும்மா ஓடுறன்!"

கிறேஸ் படலையில் சாய்ந்துகொண்டு, சத்தமே வராமல் சிரித்தாள்...

நாளை பின்னேரம் அடக்கம். வல்லையில் வாகனத்தை நிற்பாட்டி இறங்கி, பருத்தித்துறை வரை மிச்சத் தூரத்தை ஓடித்தான் போகப்போகிறேன். செத்த வீட்டுக்கு ஆராவது ஓடிப் போவினமோ என்று அக்கா கேட்டுவிட்டா. ஓம், நான் போவேன்.

வழியில் யாராவது மறித்து, என்ன நடந்தது என்று கேட்பார்கள். இந்த முறை 'ஒண்டுமில்லை' என்று சொல்லமாட்டேன்.

போயிட்டு வா, கிறேஸ்.